அப்பாவின் வீடியோவில் அப்பாவின் குரல் எங்கே?

கேள்வி: சென்ற ஆவணியில் அப்பா தவறிவிட்டார். வயது 84. கல்பாத்தியிலிருந்து 1962-ல் பம்பாய்க்கு வந்தவர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து 2001-ல் ரிட்டயர் ஆனார். பதிமூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்தில் காட்டுவதற்காக ஒரு ஸ்டூடியோவில் போட்டோக்களைக் கொடுத்து வீடியோ செய்யச் சொன்னோம். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. பறக்கிற புறா, எரிகிற விளக்கு, உதிர்கிற ரோஜா, பின்னால் சோகமான சினிமாப் பாட்டு. ஐ.சி.யூ.வில் மூக்கில் குழாயோடு அப்பா இருந்த படத்தையும் யாரோ சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்றுவரை அந்த வீடியோவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வருஷாப்திகத்துக்கு நானே நன்றாக ஒன்று செய்ய நினைக்கிறேன். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய போட்டோ இருக்கிறது. பாதியில் இருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. செம்பூரில் இருக்கும் அத்தைக்கு (86 வயது) தெரியலாம். என் கல்யாண வீடியோ காசெட் (1991) ஒன்று இருக்கிறது, ஓடுமா தெரியாது. நியூஜெர்சியில் இருக்கும் அண்ணா, ‘ஏஐ-யில் கொடுத்தால் அப்பாவையே பேச வைக்கலாம்’ என்கிறான். எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எந்தப் பாட்டு போடலாம், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

- வாசகி, மாட்டுங்கா கிழக்கு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா எழுந்து போனதை நினைத்து மனம் குமையாதீர்கள். அந்த இருபது நிமிடத்தில் அவர் அறுபது வருஷம் கூட இருந்து பார்த்த மனிதர் இல்லை. நோயாளி ஒருவர் இருந்தார், பொதுவாக எல்லோருக்கும் போடுகிற விளக்கும் பூவும் இருந்தன. ஸ்டூடியோக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பத்து நாளுக்குள், அறிமுகமே இல்லாத ஒருவருடைய ஐம்பது அறுபது படங்களைக் கையில் கொடுத்தால், ஏற்கெனவே வைத்திருக்கிற டெம்ப்ளேட்டில் அவற்றை நிரப்பத்தான் அவர்களால் முடியும். வெளிநாடுகளில் இறுதிச் சடங்குக்கே ஒரு வாரம், பத்து நாள் கிடைக்கிறது. நம் வீடுகளில் மூச்சு நின்ற அன்றோ மறுநாளோ எல்லாம் முடிந்துவிடுகிறது. வீடியோ வேலை பத்து, பதிமூன்று, பதினாறு என்று நாள்கணக்குக்குள் வந்து விழுகிறது. அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது.

உங்களுக்கு இப்போது மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. எடிட்டிங்கை அவசரமாகத் தொடங்க வேண்டாம். அதற்கு முன்னால் செய்தே தீர வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதலாவது, அப்பாவின் செல்போன். அது இன்னும் இருக்கிறதா? பேரன் விளையாடக் கொடுத்துவிட்டோம், ரீசெட் பண்ணிவிட்டோம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். 120 நாள் புழங்காத வாட்ஸாப் கணக்கை அந்த நிறுவனம் பொதுவாக அழித்துவிடும். கூகுள் கணக்கு இரண்டு வருஷம் தொடப்படாமல் கிடந்தால் நீக்கப்படலாம். ஆவணியில் தவறினார் என்கிறீர்கள். ஆகவே இன்றைக்கே பாருங்கள். உங்கள் போன், அண்ணா போன், அத்தை பேத்தி போன் எல்லாவற்றிலும் அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கும். ‘இன்னிக்கு நாலு மணிக்கு கரண்ட் போயிடுத்து’ என்பதுபோல் பத்து விநாடி, பதினைந்து விநாடியில் எதையாவது சொல்லியிருப்பார். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தேதியோடு பெயரிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அண்ணாவைத் தன் போனிலிருந்து அந்த ஆடியோ ஃபைல்களை அப்படியே ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு அப்பாவின் முகம் தெரியும். அது சுவரில் மாலையோடு இருக்கிறது. வீட்டை விட்டு முதலில் போய்விடுவது குரல். ஒருவருடைய நினைவு வீடியோவில் அவருடைய குரல் அரை நிமிடமாவது இல்லையென்றால் அதை முடிந்த வேலையாக நான் ஒப்புக்கொள்வதில்லை. சென்ற முறை செய்த இருபது நிமிடத்தில் அப்பா ஒரு வார்த்தையாவது பேசினாரா? உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்வி இதுதான்.

அதனால்தான் 1991 காசெட்டை நான் டிரங்குப் பெட்டிக்கும் மேலாக வைக்கிறேன். உலகத்திலேயே கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிற மெஷின் எல்லாம் பழையவை. காசெட்டின் மேல்பக்கக் கண்ணாடி வழியாக டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்ததுபோல் இருந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. மும்பை மழையில் பரண்மேல் முப்பது வருஷம் கிடந்த காசெட்டுக்கு அது சகஜம். அப்படியிருந்தால் எந்த மெஷினிலும் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் அறுந்துபோகும், மெஷினின் ஹெட்டும் கெடும். சுத்தம் செய்து பிரதி எடுக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, முழு காசெட்டையும் வெட்டாமல், மேலே பாட்டு சேர்க்காமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ‘நல்ல பகுதிகளை மட்டும் எடுத்துத் தருகிறேன்’ என்பார்கள். சம்மதிக்காதீர்கள். மாலை மாற்றலிலும் தாலி கட்டுவதிலும் அப்பா பேசியிருக்க மாட்டார். ஊஞ்சலுக்குப் பின்னால், கேமரா வேறு யாரையோ பிடித்துக்கொண்டிருக்கும்போது, ‘சம்பந்திகளுக்குக் காபி கொடுத்தாச்சா?’ என்று கூப்பிட்டுக் கேட்கிற குரலில்தான் அவர் இருப்பார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுக்கக் கேளுங்கள். நாதஸ்வரத்துக்கு அடியில் அந்தக் குரல் கிடைத்துவிட்டால், உங்கள் வீடியோவின் முதல் பத்து விநாடி கிடைத்துவிட்டது.

இனி டிரங்குப் பெட்டி. கறுப்புத் தாள் ஆல்பத்தில் மூலை ஒட்டி வைத்த படங்களைக் கழற்றாமலே ஸ்கேன் செய்யலாம். எண்பதுகளில் வந்த, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டுகிற ஆல்பம்தான் தொல்லை. பசை இறுகிப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். நகத்தால் நிமிண்டாதீர்கள், தையல் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெல்ல அறுப்பதுபோல் இழுத்து வாருங்கள். ஃபிரேம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஜன்னலோரம் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கண்ணாடி வழியாகவே படமெடுங்கள். மூன்றரைக்கு ஐந்து இன்ச் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2100-க்கு 3000 பிக்சல் கிடைக்கும். பெரிய டிவியில் காட்ட அது தாராளம். உறவினர்கள் தங்களிடம் உள்ள படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் சுருங்கி வரும்.

பெயர் தெரியாத முகங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காலத்தையாவது படமே கொஞ்சம் சொல்லிவிடும். சதுரமான கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பெரும்பாலும் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ ஆக்ஃபா கிளிக் மாதிரி கேமராவில் எடுத்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான். உள்ளே போட்ட ஃபிலிம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் செய்த ‘இந்து’வாகக்கூட இருக்கும். கலர்ப் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு எழுத்தில் தேதி இருந்தால் தொண்ணூறுகளை ஒட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னணியில் கடைப் பலகை தெரிந்தால் பெரிதாக்கி, ஊர்ப்பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பம்பாய் மும்பையானது 1995-ல். சண்முகானந்தா ஹாலில் கச்சேரி பார்த்தபோது எடுத்த படம் இருந்தால், அம்மாவிடம் ‘ஹால் எரிவதற்கு முன்னாலா பின்னாலா?’ என்று கேளுங்கள். 1963-ல் திறந்த அந்த அரங்கம் 1990-ல் தீப்பிடித்து, 1998-ல்தான் மறுபடி திறந்தது. அந்த எட்டு வருஷ இடைவெளி மாட்டுங்காக்காரர்கள் நினைவில் அழியாமல் இருக்கிறது. ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் தெரியாது என்பவர்கள், ‘தீக்கு முன்னால்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஒர்க்‌ஷாப் பிரிவுபசாரப் படம் இருந்தால் அதை அட்டையோடு முழுக்க எடுங்கள். கீழே வரிசைப்படி பெயர் அச்சிட்டிருக்கும்.

அம்மாவையும் அத்தையையும் பேச வைப்பது பற்றி. ‘அப்பாவைப் பத்திச் சொல்லு’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ‘ரொம்ப நல்லவர்’ என்று ஒரு வரி வரும், பிறகு அழுகை வரும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, ‘இது எந்த வீடு? இந்தப் புடவை யார் வாங்கினது? பக்கத்தில் நிற்கிறது யாரு?’ என்று கேளுங்கள். பேச்சு தானாக அப்பாவிடம் போய்ச் சேரும். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்; நம் ஊரில் ஹாரனும் புறாவும் எல்லாப் பதிவிலும் வந்துவிடும். போனை மேஜைமேல் ஒரு அடி தூரத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வீடியோ எடுக்கக் கூச்சப்பட்டால் குரல் மட்டும் போதும், படத்தின் மேல் அந்தக் குரலை ஓட விடலாம். பாலக்காட்டுப் பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே இருக்கட்டும். ஒர்க்‌ஷாப் நண்பர் ஒருவர் கிடைத்தால் அவர் மராத்தியிலோ ஹிந்தியிலோ பேசுவதையும் அப்படியே வையுங்கள். அப்பா ஏறக்குறைய நாற்பது வருஷம் அந்த பாஷைகளில்தான் பகல் பொழுதைக் கழித்திருக்கிறார். நியூஜெர்சிப் பேரன்களுக்காகக் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓட விடலாம்.

வேலையை வீடியோவில் காட்டுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏறக்குறைய எல்லா நினைவு வீடியோவிலும் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி, டூர், பேரன் ஆயுஷ்ஹோமம் என்று வரும்; அவர் என்ன வேலை செய்தார் என்பதே வராது. ஜி.ஐ.பி. ரயில்வே 1915-ல் அமைத்த ஒர்க்‌ஷாப் அது. நாம் தினம் ஏறி இறங்கும் பெட்டிகளைப் பழுதுபார்த்து அனுப்பிய கைகளில் உங்கள் அப்பாவுடையதும் ஒன்று. ஒரு காலை நேரம் போனை எடுத்துக்கொண்டு அவர் நடந்த வழியே நடங்கள். வீட்டுப் படி, ஆஸ்திக சமாஜம் வாசலில் பூக்காரர்கள், அவர் காபிப் பொடி வாங்கிய கடை, அவர் நின்ற கஃபே மெட்ராஸ் வாசல், ஸ்டேஷன் பாலம், ஒர்க்‌ஷாப் கேட். ஒவ்வொன்றும் பத்து விநாடி, கையை ஆட்டாமல், போனைக் குறுக்கே பிடித்து. இந்தத் தெருக் காட்சிகளின் மேல் அம்மாவின் குரல் ஓடினால் உங்களுக்கு விளக்கு, புறா எதுவும் தேவைப்படாது.

இதற்கு நம்மவர்களிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31-ஆம் நாள் அவரைப் பற்றிய நினைவு மலரை அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், ‘கல்வெட்டு’ என்பார்கள். வம்சம், ஊர், உத்தியோகம், பெற்ற பிள்ளைகள், பழகியவர்கள் சொன்ன வார்த்தை, தேவாரம் எல்லாம் அதில் இருக்கும். அப்படிப்பட்ட மலர்கள் பலவற்றை நூலகம் என்ற ஈழத்து இணைய நூலகம் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இன்று அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். அழ வைக்கும் நோக்கத்தில் எழுதியதாக இருந்தால் அவற்றை நாற்பது வருஷம் கழித்து யாரும் புரட்ட மாட்டார்கள். உங்கள் வீடியோவிலும் அப்பாவின் அப்பா பெயர், கிராமம், வந்த வருஷம், வேலை செய்த பிரிவு எல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

நீளம் ஆறு நிமிடம். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், காலையிலிருந்து ஹோமப் புகையில் இருப்பவர்கள். அதற்கு மேல் கேட்பது அநியாயம். நாலு நிமிடம் படம், ஒரு படத்துக்கு ஆறு விநாடி என்றால் நாற்பது படம். மீதி இரண்டு நிமிடம் காசெட்டும் தெருவும். நாற்பதுக்குள் தேர்ந்தெடுப்பதுதான் கடினமான வேலை. ஒரே கோயில் வாசலில் எடுத்த ஐந்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ‘என் படம் வரவில்லை’ என்று உறவில் மனத்தாங்கல் வரலாம். அதற்காக ஒரு மணி நேரத்துக்கு எல்லாப் படமும் ஓடுகிற இன்னொரு ஃபைல் செய்து, சாப்பாட்டு வேளையில் சத்தமில்லாமல் ஓட விடுங்கள்.

ஐ.சி.யூ. படம் கூடவே கூடாது. ஆனால் அழிக்கவும் வேண்டாம், தனியாக வையுங்கள். பெட்டியில் அந்தக் காலத்து வழக்கப்படி, இறந்த தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்துக் குடும்பமே சுற்றி நின்று எடுத்த படம் இருந்தாலும் பயந்து கிழித்துவிடாதீர்கள். பல பேருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அதுதான். இம்மாதிரிப் படங்களின் மதிப்பை உணர்ந்துதான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்துச் சேர்த்தார்கள்.

பாட்டு. அப்பா என்ன முணுமுணுப்பார் என்று அம்மாவைக் கேளுங்கள், அதுதான் பாட்டு. வீட்டில் யாருக்காவது பாட வருமென்றால் தம்புராவோடு அவர்களே பாடட்டும். சினிமாவின் சோகப் பாட்டில் வேறொரு கதாபாத்திரத்தின் துக்கம் இருக்கிறது. கேட்பவர் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடும். யூடியூபில் ஏற்ற நினைத்தால் இன்னொரு விஷயம்: நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 வருஷம் உரிமை உண்டு. கீர்த்தனை தியாகராஜருடையதுதான் என்றாலும் அதைப் பாடிய வித்வானின் ரிக்கார்டு ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும். உறவுக்கு மட்டும் என்றால் லிங்க்கைத் தனியாக அனுப்புங்கள். குரல் வருகிற இடங்களில் பாட்டை முழுக்க நிறுத்துங்கள், குறைத்தால் போதாது.

அண்ணா கேட்ட ஏஐ. அவர் கேட்பது ஒன்றும் அதிசயமில்லை. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நடந்த ஒரு திருமணத்தில், மெட்டாவெர்ஸ் வரவேற்புக்கு மணமகளின் மறைந்த தந்தையை உருவமாக வரவழைத்தார்கள். 2018-ல் மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் பேசினார். அதே மாதம் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவருடைய குரலையும் ஏஐ மூலம் பயன்படுத்தினார்; குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். ஒருவருடைய குரல் அவர் போன பிறகும் அவர் குடும்பத்துக்கு உரியது என்று ரஹ்மான் மதித்தது சரி. ஆனால் பாடுவது வேறு. உங்கள் அப்பா வாயில் அவர் சொல்லாத ‘குழந்தைகளா, நான் நன்னா இருக்கேன்’ என்பதை வைப்பது வேறு. எனக்கு அதில் சம்மதமில்லை. கீறல், கறை நீக்க ஏஐ-யைப் பயன்படுத்துங்கள்; மூலப் படத்தை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, திருத்தியதில் முகம் அப்பா முகமாகவே இருக்கிறதா என்று அம்மாவிடம் காட்டுங்கள். இந்த மென்பொருள்கள் மங்கலான கண்ணையும் பல்லையும் தாமாகவே ஊகித்து வரைந்துவிடுகின்றன. அம்மா ஒரு நொடி தயங்கினாலும் அந்தப் படம் வேண்டாம்.

வருஷாப்திகத்தில் காட்டும் நேரத்தை வாத்தியாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆசீர்வாதம் முடிந்து இலை போடுவதற்கு முன்னால் அவகாசம் கிடைக்கும். சாப்பிட்டபின் பாதிப் பேர் ரயில் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் வெளுத்துத் தெரியும், 55 இன்ச் டிவி வாடகைக்கு எடுங்கள். சத்தத்தை ஹால் மைக் செட்டோடு இணைத்து முதல் நாள் மாலையே ஓட்டிப் பாருங்கள். எம்பி4 ஃபைலாக, 4 ஜிபிக்குள், இரண்டு பென் டிரைவில். அதற்கு முன்னால், முடிந்த வீடியோவை அம்மாவுக்கு மட்டும் வீட்டில் போட்டுக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொல்வதைக் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

இத்தனையிலும் தள்ளிப்போடவே கூடாதது செம்பூர் அத்தைதான். பெட்டியிலிருந்து முப்பது படம் எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். 86 வயதில் மத்தியானத்துக்கு மேல் களைத்துப்போவார், காலையில் காபி ஆனவுடன் உட்காருங்கள். அவர் சொல்கிற பெயரை ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.